புள்ளி புடைத்த தலை

ராஜகுமார் மாமா பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். அஜிஷாவின் அழுகை அங்கேயே நின்றது.

"மாமா, அத மாட்டுங்க!"

"ஏட்டி, ரெண்டும் ஒண்ணா ஓடுனா ஃபியூஸ் போவும். ஒனக்க அம்மைய சூட்டுலயா போட்டு வைக்க?"

வாடகைக் குளிர்பெட்டி நடு வீட்டில் உறுமத் தொடங்கியது. கண்ணாடிக்குள் தேவகனி, கல்யாணத்துக்குப் புறப்பட்டவள் மாதிரி பட்டுச்சேலையில் கிடந்தாள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மகன் எட்சன் குவைத்தில் விமானம் ஏறிவிட்டான். அவன் வந்ததும் சாயங்காலம் அடக்கம். அதுவரை அம்மாவுக்குக் குளிர் வேண்டும்.

பிரிட்ஜுக்குள் இருப்பதற்கும் வேண்டும்.

அஜிஷா ஃப்ரீசரைத் திறந்து, சாளை மீனுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். தகடுகளை இணைக்கும் அலுமினிய ரிவெட்டுகள். நேற்று, அவள் படித்த கல்லூரியின் உலையில் கெஞ்சிக் கேட்டுச் சுட்டு, தண்ணீரில் முக்கியவை. குளிரில் கிடக்கும்வரை சொன்னபடி கேட்கும். வெளியே எடுத்தால் ஒரு மணி நேரம்தான். பிறகு இறுகிப்போகும், அடித்தால் விரிசல் விடும். "நாளைக்கு முடிச்சிருவோம் மக்கா" என்று சொல்லி மீனுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தவளே தேவகனிதான்.

எண்பது வயதான ஒரு பயிற்சி விமானத்தை மறுபடி பறக்கவிட பெங்களூர்க்காரர் ஒருவர் ஆசைப்பட்டார். அதன் றெக்கை குழித்துறையில் டைட்டஸின் பஸ் பாடி கட்டும் பட்டறைக்கு வந்தது. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி அஜிஷா. படித்தது விமானப் பொறியியல். றெக்கையைச் சரிசெய்யும் வேலை அவளிடம் வந்தது. வேலை கிடைக்காமல் இருந்தபோது "பிளேனுக்குப் படிச்சவ பஸ்ஸுல போறா பாரு" என்று சிரித்த சொந்தக்காரர்கள்தான் இப்போது வீடு நிறைய உட்கார்ந்திருந்தார்கள்.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருத்தி காற்றுத் துப்பாக்கியால் அடிக்க, உள்ளே ஒருத்தி டாலி என்கிற இரும்புக் கட்டையைத் தாங்க வேண்டும். றெக்கையின் அந்தச் சின்ன ஓட்டைக்குள் பட்டறை ஆண்கள் ஒருத்தர் கையும் நுழையவில்லை. அண்டி ஆபீஸில் முந்திரி உடைத்துக் கறுத்த தேவகனியின் கை நுழைந்தது. மகள் சொல்லிக்கொடுத்தாள், அம்மா தாங்கினாள். உள்ளிருந்து இரண்டு தட்டு தட்டினால் நல்லாயிருக்கிறது. மூன்று தட்டினால் கெட்டது, பிடுங்கு.

மாலையோடு வந்த டைட்டஸ் அதைக் கண்ணாடிமேல் வைத்துவிட்டு அஜிஷாவின் பக்கத்தில் குனிந்தார்.

"நீ ஒண்ணும் நெனைக்காத மோளே. லாரி மூணு மணிக்கு வந்துரும். மிச்சம் கெடக்க ஒரு வரிசைய பயலுவள வச்சு நான் அடிச்சிருதேன். டப்பால வேற ரிவெட் கெடக்குல்லா."

"எது, அந்த மொட்டத் தலையா?"

விமானத்தோடு வந்த டப்பாவில் பழைய ரிவெட்டுகள் எல்லாம் கலந்து கிடந்தன. தலையைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். குழி விழுந்தது ஒரு ரகம், புள்ளி புடைத்தது இன்னொரு ரகம். ஒன்றுமில்லாத மொட்டைத் தலை வெறும் மெத்தென்ற அலுமினியம். பெயர்ப்பலகை ஒட்ட ஆகும், பாரம் தாங்காது. இந்த வரிசைக்குப் புள்ளிதான். டப்பாவில் இருந்த புள்ளியெல்லாம் பொட்டலத்துக்குப் போய்விட்டன. அகலத் தலை வைத்த அந்தப் பழைய ரகத்தை இப்போது தேடினாலும் கிடைக்காது.

"பெயின்ட் அடிச்சா எல்லாத் தலையும் ஒண்ணுதான். யாருக்குத் தெரியும்?"

"மேல போறவனுக்குத் தெரியும், றெக்க கழலும்போ."

டைட்டஸ் வாயைத் திறப்பதற்குள் அஜிஷா குளிர்பெட்டியின் மூடியைத் தூக்கி, பொட்டலத்தை அம்மாவின் காலடியில் வைத்து மூடினாள். வீடு அதிர்ந்தது.

"செத்தவளுக்க காலுல ஆணியக் கொண்டு வைக்கியா?"

"ஆணி இல்ல மாமா, ரிவெட்."

லில்லிபாய் சித்தி, தேவகனியின் தங்கை, எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "என்னட்டி கூத்து இது? நாலு பேரு பாக்காவ."

"பாக்கட்டும். அம்ம கைய விட்டுத் தாங்குன றெக்க சித்தி. அதுல ஒரு வரிச பொய்ய அடிச்சு அனுப்ப நான் விடமாட்டேன். அடக்கத்துக்கு முன்னால போய்ட்டு வந்துருவேன். உள்ள தாங்க ஒரு கைதான் இல்ல."

சித்தி கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முடியை அள்ளிச் செருகினாள்.

"வண்டிய எடு."

"லில்லி! ஒனக்கும் கிறுக்கா?"

"ஆமாண்ணா. ஆராவது கேட்டா பெட்டி பாக்கப் போனோம்னு சொல்லும்."

பொட்டலத்தை, மீன்காரியிடம் கேட்டு வாங்கிய ஐஸ் பெட்டிக்கு மாற்றினார்கள். அது கிடந்த இடத்தில் மட்டும் பட்டுச்சேலை நனைந்திருந்தது.

தட்டுக் கணக்கை அஜிஷா வழியிலேயே சொல்லிக்கொடுத்தாள். சித்தியும் அண்டி ஆபீஸ்தான், பட்டறையில் அவள் கையும் றெக்கைக்குள் நுழைந்தது. முதல் ரிவெட்டுக்குத் துப்பாக்கி அதிர்ந்ததும் உள்ளே "யம்மா!" என்று கத்தல். கொஞ்ச நேரம் தடவிப் பார்க்கும் சத்தம். மூன்று தட்டு.

"கோணிப் போச்சு மக்கா."

"சாரமில்ல, போவட்டும். கட்டைய தள்ளாதீங்க, தாங்குனா போரும்."

துளைபோட்டு அதைக் கழற்றி அடுத்ததை வைத்தாள். அடித்தாள். உள்ளே விரல் தடவியது. இரண்டு தட்டு.

அஜிஷா பொட்டலத்திலிருந்து இன்னொன்றை எடுத்தாள். "அடுத்தது" என்றாள்.

பஸ் வேலை நின்றது. பயல்கள் சுற்றிக் கூடினார்கள். பெயின்ட் டப்பாவோடு வந்த டைட்டஸ் அதைத் தரையில் வைத்தார். வரிசை முடிந்ததும் விரலால் தலைகளைத் தடவிக்கொண்டே போனார். ஒவ்வொன்றிலும் புள்ளி. பெயின்ட் டப்பாவை மூடினார்.

சித்தி சிவந்துபோன கையை வெளியே உருவினாள். "நான் பிளேன் கெட்டுதேன்னு அக்கா சொல்லுவா. நாங்க எல்லாம் சேந்து சிரிச்சோம் பாத்துக்க."

சாயங்காலம் கல்லறைக்குப் போகும் வழியில் லாரி எதிரே வந்தது. முன் சீட்டிலிருந்த டைட்டஸ் குதித்திறங்கி அதை ஓரங்கட்ட வைத்தார். டிரைவர் எஞ்சினை அணைத்தான். கயிறு கட்டிய றெக்கை வெயிலில் தகதகவென்று கிடந்தது. பாடிக்கொண்டு வந்த அண்டி ஆபீஸ் பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள்.

"அதா? தேவகனி கெட்டுன பிளேனா?"

"றெக்க மட்டுந்தான்" என்றாள் அஜிஷா.

"றெக்க இல்லாம எங்கட்டி பிளேன்?"

பெட்டியைத் தோளில் தாங்கிய எட்சன் கழுத்தைத் திருப்பினான். "நீயா அடிச்ச?"

"அம்மையும் சித்தியும்."

சவப்பெட்டியோடு கூட்டம் றெக்கையைத் தாண்டும்வரை லாரி அசையவில்லை.

கல்லறையில் போதகர் ஜெபித்து முடித்தார். மூடியை வைத்துத் திருகினார்கள். கயிற்றைப் பிடிக்க ஆட்கள் குனிந்தபோது லில்லிபாய் சித்தி முன்னால் வந்தாள். விரலை மடக்கி, பெட்டியின்மேல் இரண்டு தட்டு தட்டினாள்.

"என்னத்துக்கு இப்ப தட்டுத?" என்றார் மாமா.

அஜிஷா ஒரு பிடி மண் அள்ளினாள். நகக்கண்ணில் அலுமினியத் தூள் மினுங்கியது.