கமாண்டரைப் பூட்டிய வண்டி

கோட்டைச்சாமிக்குக் காசு கொட்டிக் கிடந்தது, கூறுதான் இல்லை. தாயில்பட்டியில் மூன்று பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த அந்த மகானுபாவர், பெங்களூரில் வேலியும் பள்ளமும் தாண்டும் பந்தயங்களில் பதினோரு கோப்பை வாங்கிய கமாண்டரை விலைக்கு வாங்கிவந்து, வண்டியில் பூட்டச் சொன்னார். அட, மண்ணாங்கட்டி!

குதிரையைப் பார்த்துக்கொண்டவர் விருதுநகர் அப்துல் ஹக்கீம். மூன்று தலைமுறையாகக் குதிரை வண்டி ஓட்டிய குடும்பம். அவர் முதலாளியிடமே போய்ச் சொன்னார்.

“மொதலாளி, இது தாண்டிப் பளகுன குதிரை. வண்டியோட தாண்டுச்சுன்னா காலு முறிஞ்சிரும். காலு போனா குதிரையவே பொதைக்க வேண்டியதுதான். வேணாம், சொன்னாக் கேளுங்க.”

“தார் ரோட்டுல தாண்டுறதுக்கு என்ன பாய் இருக்கு? பொங்கல் பந்தயத்துல என் குதிரை மொதல்ல வரணும். உமக்குப் பயமா இருந்தாச் சொல்லும், வேற ஆள் பாக்கேன்.”

வேறு ஆள் வந்தால் சாட்டையாலேயே குதிரையின் தோலை உரித்துவிடுவான். அதனால்தான் ஹக்கீமே ஏறி உட்கார்ந்தார்.

பொங்கலன்று ஓட்டமென்றால் அதுதான் ஓட்டம்! பாதித் தூரத்தில் நட்டிருந்த கொடியைச் சுற்றித் திரும்பும்போது பின்னால் ஒரு வண்டியும் கண்ணில் படவில்லை. ஹக்கீமுக்கே ஆசை வந்து கடிவாளத்தைத் தளர்த்தினார்.

எல்லைக்கோட்டில் கோட்டைச்சாமியின் மச்சினன் அழகுராஜா நின்றான், மாமனுக்கேற்ற மச்சினன். ஜெயித்தவுடன் கொளுத்துவதற்காகப் பத்தாயிரம் வாலா பட்டாசுச் சரத்தை நாலைந்தாக மடித்து ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தான். இந்தப் பக்கம் காது குத்தினாலும் சரம், செத்தாலும் சரம்.

அந்தச் சிவப்பு வரப்பைக் கமாண்டர் தூரத்திலேயே பார்த்துவிட்டது. காதுகள் முன்பக்கம் விறைத்தன.

“எடுங்கலே! அத எடுங்கலே!” ஹக்கீம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே கடிவாளத்தை இழுத்தார். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அழகுராஜா கையாட்டினான், வெறும்பயல்.

கமாண்டர் தாண்டியது. அழகாகத்தான் தாண்டியது. வண்டி தாண்டவில்லை. ஏர்க்கால் ஒடிந்து ஹக்கீம் ஒரு பக்கம் விழ, குதிரை முன்னங்கால் மடங்கிச் சாய்ந்தது.

ஹக்கீம் தவழ்ந்துபோய் அதன் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. ஓடிவந்த கோட்டைச்சாமி குதிரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தயக் கமிட்டிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வண்டி எங்கன கெடந்தா என்னய்யா? குதிரை கோட்டத் தாண்டிருச்சில்ல? மொதப் பரிசு எனக்குத்தான்!”

கமிட்டியும் கூடிப் பேசித் தலையை ஆட்டியது. இதற்கொரு கமிட்டி!

“ஏலே அழகு, சரத்த அங்கன ஓரமா இழுத்துப் போட்டுப் பத்த வைலே!”

“மொதலாளி, இன்னும் உசிரு இருக்கு. மெரண்டு எந்திரிக்கப் பாக்கும். கொஞ்சம் பொறுங்க.”

“வீடியோக்காரன் நிக்கான் பாய்.”

அதற்குமேல் அந்த ஆளிடம் என்ன பேச்சு? ஹக்கீம் காறித் துப்பினார். குதிரையின் இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் இறுகப் பொத்தி, அதன் முகத்தின்மேல் கவிழ்ந்துகொண்டார். சரம் வெடிக்கத் தொடங்கியது.