துண்டு போட்ட இடம்

“அவுக பின்னால வாராக. டிக்கெட்ட அவுக எடுப்பாக” என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு மாரீஸ்வரி பஸ்ஸுக்குள் போய்விட்டாள். அந்தச் சீன ஓட்டுநருக்கு என்ன புரிந்ததோ, ஏதோ சத்தம் கொடுத்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அருப்புக்கோட்டை – திருச்சுழி பஸ்ஸில் கண்டக்டர்களிடம் அவள் சொல்லி வரும் வாசகம் அது. பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். புருஷன் கூட்டத்துக்குள் எங்கேயாவது பின்படியில் தொங்கிக்கொண்டிருப்பான். கண்டக்டர் அங்கே போய்ச் சேரும்போது, “முன்னாடி மஞ்சச் சேலைக்கு ஒண்ணு” என்று அவன் குரல் மட்டும் தலைகளுக்கு மேலே மிதந்து வரும். அந்தக் குரல் வந்ததும்தான் அவளுக்கு இருக்கையில் முழுசாகச் சாய்ந்து உட்காரத் தோன்றும்.

“ஏ மாரி, கார்ட எடு. நீதான் தட்டணும்” என்று சுந்தரபாண்டி படியில் நின்றபடி கூப்பிட்டான். பின்னால் ஒரு வரிசையே காத்துக்கொண்டு நின்றது. அவள் திரும்பி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, அட்டையை எடுத்துக் கருவியில் வைத்தாள். டிங் என்றது. ஓட்டுநர் தலையை ஆட்டினார். வெட்கம் பிடுங்க, கண்ணில் பட்ட முதல் இருக்கையில், ஒரு சீனக் கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மேலே வயிற்றுப்பிள்ளைக்காரியின் படம் ஒட்டியிருந்தது. பெண்கள் இருக்கைதான் என்று மனசு அடங்கியது.

சிங்கப்பூருக்கு வந்து அது அவளுடைய முதல் ஞாயிற்றுக்கிழமை. மகளைப் பாலவனத்தத்தில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, விசிட் விசாவில் வந்திருந்தாள். சுந்தரபாண்டி இங்கே லிப்ட் பராமரிப்பு வேலையில் சூப்பர்வைசர். ஊருக்குப் போயிருக்கும் நண்பன் ஒருவனின் அறை, அவன் திரும்பி வரும்வரை இவர்களுக்கு. யீஷூனில், சுந்தரபாண்டி வழக்கமாகத் தங்கும் விடுதிக்குப் பக்கத்திலேயே இருந்த அந்த அறையிலிருந்து நாலு எட்டு வைத்தால் பஸ் கிளம்பும் இடம். அதே பஸ்தான் ரயில் நிலையத்துக்கும் போகிறது, அவன் வேலைக்கும் போகிறது.

இரண்டு நிறுத்தம் தாண்டி, நீலச் சுடிதார் போட்ட ஒருத்தி கையில் பைபிளோடு ஏறினாள். கருவியைப் பார்க்காமலே அட்டையைத் தட்டினாள். “அண்ணே! லீவு நாள்லயும் இந்தப் பஸ்ஸா?” என்றாள். நம் ஊர்த் தமிழ். மாரீஸ்வரிக்குச் சந்தோஷத்தில் வாய் திறந்தது. அதற்குள் அவள் கடந்து பின்னால் போய்விட்டாள்.

ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. பஸ் முழுவதும் அதற்குள் உப்பிப்போய், சின்னதாகத் தெரிந்தது. சுந்தரபாண்டி ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்து இருக்கையில் அவனுடைய பை. நீலச் சுடிதார் நெருங்கியதும் அவன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவள் உட்கார்ந்தாள். அந்தத் தூக்கலில் ஒரு யோசனையும் இல்லை. வீட்டில் சாப்பிட உட்காரும்போது தம்ளரை நகர்த்தி வைப்பானே, அப்படி இருந்தது. கண்ணாடிக்குள் இரண்டு பேரும் பொம்மைகள் போலத் தலையைச் சாய்த்துப் பேசினார்கள், சிரித்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. மாரீஸ்வரியின் பக்கத்தில் இருந்த கிழவி தூங்கி விழுந்து அவள் தோளில் முட்டினாள். கல்யாணமாகிப் பத்து வருசத்தில் ஒரு தடவையாவது அவனும் அவளும் ஒரு பஸ்ஸில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

ஆனால் அவளுக்காக அவன் துண்டு போட்டிருக்கிறான். புதுசாகக் கல்யாணமான வேளை, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குள் திருச்சுழி வண்டி நுழையும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடித்தான். வேட்டி பாதி அவிழ்ந்திருந்தது. உள்ளே ஏறினால் துண்டின் மேலேயே ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். “மாமா, எந்திரிங்க. எம்பொண்டாட்டிக்குப் போட்ட எடம்” என்று பஸ்ஸே கேட்கும்படி சண்டை போட்டு அவளை உட்கார வைத்துவிட்டு, கூட்டத்தில் பிதுங்கிப் பின்படிக்குப் போனான். ஆசையை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவன் அவன். அந்தத் துண்டைத்தான் அவள் இத்தனை வருசமும் ஆசை என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

சர்ச்சுக்குப் பக்கத்தில் இறங்கும்போது நீலச் சுடிதார் முன்னால் வந்து குனிந்து, “மதினி, நான் ஹெப்சிபா. காரியாபட்டிதான். இங்க முதியோர் இல்லத்துல நர்ஸா இருக்கேன். அண்ணனும் நானும் தெனமும் இதே பஸ்ஸுதான்” என்றாள். நல்ல சிரிப்பு. மாரீஸ்வரியும் சிரித்தாள். சிரித்த வாய் வலித்தது.

அன்றைக்கு ரயிலில் ஊரெல்லாம் சுற்றிக் காட்டினான். பச்சைப் பாதை, சிவப்புப் பாதை, ஊதாப் பாதை என்று, பாலவனத்தம் ரோட்டில் உள்ள ஊர்களைச் சொல்வதுபோல ஒப்பித்தான். எந்தப் பெட்டியில் ஏறினால் எந்தப் படிக்கு நேராக இறங்கலாம் என்பதுவரை அவனுக்குத் தெரிந்திருந்தது. ஓட்டுநரே இல்லாத ரயிலின் முன்கண்ணாடியில் அவளை நிறுத்தி வைத்துச் சுரங்கத்தைக் காட்டினான். நிலையத்தின் பெயர் தமிழிலும் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தபோது, இந்த ஊர் தன் புருஷனோடு தனக்குத் தெரியாமல் குடும்பம் நடத்தியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. நகரும் படிக்கட்டில் ஆசையாக அவன் பக்கத்தில் ஏறி நின்றாள். “இங்க பக்கத்துல நிக்கக் கூடாது புள்ள. வேகமா போறவுகளுக்கு வழி விடணும். எனக்குப் பின்னால நில்லு” என்று கையைப் பிடித்துக் கீழ்ப்படிக்கு இழுத்தான். அவனுடைய சட்டை முதுகைப் பார்த்தபடியே மேலே போனாள். ஒரு பஸ் இருக்கை அளவு இடம்கூடத் தனக்கு இங்கே இல்லையா என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் குழம்புக்கு வெங்காயம் நறுக்கும்போது கேட்டுவிட்டாள்.

“அந்தப் பொண்ணுக்குத் தெனமும் எடம் போட்டு வப்பீகளோ?”

“எந்தப் பொண்ணு?”

“எந்தப் பொண்ணா? அப்ப நெறைய பேரு இருக்காகளாக்கும்?”

அவன் சிரித்தான். “அடி லூசு. பைய ஒனக்குத்தான் போட்டு வச்சேன். நீ பாட்டுக்குக் கெழவிக்குப் பக்கத்துல போய் ஒக்காந்துட்ட. அதுவும் வயசானவுகளுக்கு, புள்ளத்தாச்சிக்கு ஒதுக்குன சீட்டு.”

“ஒரு சத்தம் கூப்புட்டா என்ன?”

அவன் தட்டை எடுத்துத் துடைத்தான். “பஸ்ஸுல ஒன்னயப் பக்கத்துல கூப்புட்டுப் பழக்கமில்லையே” என்றான்.

அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பை அவளுக்காக வைத்ததா, தினமும் வைக்கிற கை தானாக வைத்ததா? அதை யாரிடம் போய்க் கேட்பது? தங்கச்சி நாகஜோதிக்குப் போன் போட்டாள். அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிற நாகஜோதிக்கு உலகமெல்லாம் தெரியும்.

“அண்ணேன்னுதானக்கா கூப்புடுறா?”

“ஆமா.”

“அண்ணேங்கிறவளத்தான் நம்பக் கூடாது. நம்ம மாரிக்கண்ணன் மச்சான அண்ணே அண்ணேன்னு கூப்புட்ட டீச்சரத்தான கடைசில கட்டுனாரு?”

“வைடி போன.”

“வக்கிறேன். ஆனா வந்த எடத்துல சண்ட போடாதக்கா. எடத்தப் பிடி.”

புதன்கிழமை காலையில் அவள் அவனுக்கு முன்னாலேயே குளித்துச் சேலை கட்டி நின்றாள். “ஒங்க வேலையிடம் எங்க இருக்குன்னு பாத்துட்டு, எதுத்தாப்புல பஸ் ஏறித் திரும்பி வந்துருவேன்” என்றாள். “தொலஞ்சு போவ” என்றான். “தட்டத் தெரியும், எறங்கத் தெரியும், வேறென்ன?” ஊரிலிருந்து அவனுக்கென்று கொண்டுவந்த கட்டம் போட்ட துண்டைத் தோள்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

பஸ் வந்து நின்றது. இங்கே யாரும் கூட ஓடுவதில்லை. கம்பித் தடுப்புக்குள் வரிசையாக நிற்கிறார்கள். ஓடினாலும் பயனில்லை, துண்டு எறிய ஜன்னலே திறக்காது. சுந்தரபாண்டி போனில் யாருக்கோ வேலை விவரம் சொல்லிக்கொண்டு பின்தங்கினான். மாரீஸ்வரி கம்பிக்கு அடியில் குனிந்து வரிசைக்குள் புகுந்துவிட்டாள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை திகைத்துப்போய் வழிவிட்டது. தட்டினாள், ஏறினாள், ஞாயிற்றுக்கிழமை பார்த்து வைத்த அதே இருக்கைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் துண்டை விரித்துப் போட்டாள்.

பஸ் நிறைந்தது. ஒருவர் துண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நகர்ந்து போனார். இன்னொரு அம்மாள் இருக்கை ஈரமாக இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, மூக்கைச் சுருக்கிக்கொண்டு தள்ளி நின்றாள். மாரீஸ்வரி துண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியாக ஏறிய சுந்தரபாண்டிக்குக் காதுவரை சிவந்துவிட்டது.

“ஏ, என்ன காரியம் பண்ற? இங்க இப்படியெல்லாம் போடக் கூடாது.”

“ஒக்காருங்க. பஸ்ஸு எடுக்கப் போறான்.”

உட்கார்ந்தான். அவன் தொடை அவள் தொடையில் பட்டது. இரண்டு பேருமே நேரே பார்த்தபடி இருந்தார்கள், பொண்ணு மாப்பிள்ளைபோல.

ஹெப்சிபா ஏறினாள். வெள்ளைச் சீருடை. வழக்கம்போலப் பின்னால் வந்தவள், அவனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், அப்புறம் அவள் மடியில் சுருட்டிக் கிடந்த துண்டைப் பார்த்தாள். சத்தமாகச் சிரித்துவிட்டாள். அத்தனை பேர் இருந்த பஸ்ஸில் அந்தத் துண்டின் அர்த்தம் தெரிந்த இன்னொரு ஆள் அவள்தான்.

“மதினி எடம் போட்டுட்டாகளா! அண்ணே, மாட்டிக்கிட்டீங்க.”

“அட நீ வேற” என்று அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு மாரீஸ்வரிக்குப் பிடிக்கவில்லை. துண்டை இறுக்கிக்கொண்டாள்.

ஹெப்சிபா கம்பியைப் பிடித்துப் பக்கத்திலேயே நின்றாள். “எங்க வீட்டுக்காரரு ஊர்ல லோடு வண்டி ஓட்டுறாரு மதினி. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்கன்னா, அங்க வந்து நான் என்னத்தப் பண்ணங்கிறாரு” என்றாள். சொல்லிவிட்டுத் துண்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.  

“அண்ணன் இப்பத் தூங்கிருவாக பாருங்க. ஒக்காந்தாப் போதும், அடுத்த ஸ்டாப்பு வர்றதுக்குள்ள தலை தொங்கிரும். தெனமும் நான்தான் தட்டி எழுப்பி எறக்கி விடுவேன். எழுப்பாட்டி டிப்போவுக்கே போயிருவாக.”

சொல்லி முடிக்குமுன்பே அவன் தூங்கிவிட்டான். மாரீஸ்வரிக்கு அது புதுசு. லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸில் நின்றே வருகிற மனுசன். அவன் இப்படி உட்கார்ந்த இடத்தில் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவான் என்பது அவளுக்குத் தெரியாது, காரியாபட்டிக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. தட்டி எழுப்புவாளாமே. எங்கே தட்டுவாள்? தோளிலா, கையிலா? பக்கத்தில் இடம் கிடைத்தும் அந்தத் தட்டல் இன்னும் ஹெப்சிபாவிடம்தானே இருக்கிறது. வளைவில் பஸ் திரும்ப, அவன் தலை சரிந்து மாரீஸ்வரியின் தோளில் வந்து இறங்கியது. கனமான தலை. காதுக்கு மேலே அவள் பார்த்திராத நரை. போனில் பேசும்போது அது தெரிந்ததே இல்லை.

எட்டி வட்டக் கண்ணாடியைப் பார்த்தாள். தூரத்தில், உப்பிப்போய், சின்னதாக, இரண்டு பேர்.

ஹெப்சிபா மணியை அழுத்தினாள். “மதினி, இதான். எழுப்புங்க” என்று சொல்லிக்கொண்டே கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

“ம்” என்றாள் மாரீஸ்வரி. கையைத் தூக்கினாள். கை அவன் தோளுக்கு மேலே வந்து நின்றது. லேட்டானால் மேனேஜர் திட்டுவார் என்று நேற்று ராத்திரிகூடச் சொன்னான். கதவு திறந்தது. சீருடைகளும் பைகளும் இறங்கின. ஹெப்சிபா அட்டையைத் தட்டி, பின்னால் வருகிறார்கள் என்ற நம்பிக்கையில் திரும்பிப் பார்க்காமலே இறங்கினாள். கதவு பெருமூச்சு விட்டு மூடிக்கொண்டது.

பஸ் நகர்ந்தபோதுதான் ஹெப்சிபா திரும்பினாள். வாயைத் திறந்து என்னவோ கத்தினாள். நடைபாதையில் பஸ்ஸோடு சேர்ந்து ஓடி வந்தாள். வெள்ளைச் சீருடையும் தூக்கிய கையுமாக, அருப்புக்கோட்டை ஸ்டாண்டில் ஓடுகிற மாதிரியே ஓடினாள். திறக்காத கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. மரங்கள் விலகி, காலை வெயில் சாய்ந்து வந்து சுந்தரபாண்டியின் கண்ணில் அடித்தது. மாரீஸ்வரி தோளை அசைக்காமல் மடியிலிருந்த துண்டை எடுத்து, உதறி, அவன் முகத்துக்கு நிழலாகப் பிடித்துக்கொண்டாள்.