எலக்ட்ரீஷியனின் இமை முடி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓர் இமை முடியிலிருந்து கிடைத்தது. கோதுமைச் சிலந்திப்பேனை* ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்கு மாற்றுவதற்கு, குச்சி நுனியில் ஒரே ஒரு இமை முடியை ஒட்டிக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னார்கள். யாருடைய இமை என்று கேட்டேன். சொன்னவருக்குத் தெரியவில்லை. போச்சு, அன்றிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

(* வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நான்கே கால், இறக்கை கிடையாது. காற்றிலோ, யார் சட்டையிலோ தொற்றிக்கொண்டு ஊர் சுற்றும். நோய்ப்பயிரின் சாற்றைக் குடித்துவிட்டு நல்ல பயிருக்குப் போனால், வைரஸும் கூடவே போகும். இலையில் மஞ்சள் கோடுகள் விழும். பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.)

2.

முதலில் எழுதியது: "ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கூரைமேல் பொன்னிற வெயில்..." சே, வேண்டாம்.

ஆராய்ச்சிப் பண்ணையில் ஒருத்தி. அவளுக்கு அங்கே ஓர் அறை. அங்கே தொட்டிக் கோதுமையில் நோயில்லாத சிலந்திப்பேன்களை வளர்க்கிறாள். தாழ்வாரத்தின் மறுகோடியில் நோய்ப்பயிர் அறை. அங்கே போனவர் அன்று இங்கே வரக்கூடாது என்று கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறாள்.

கணவர் அதே பண்ணையில் எலக்ட்ரீஷியன். "என்ன, பேன் பாக்கக் கெளம்பியாச்சா?" என்று தினமும் கேட்பார். அவளும் முறைப்பாள். முறைக்கிற அவசரத்தில் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிடுவாள். அவர்தான் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவார்.

3.

(இவ்வளவு நல்ல கணவரை யார் நம்புவார்கள்? ஒரு குடிப்பழக்கம் கொடுத்துப் பார்த்தேன். மனுஷனுக்கு ஒட்டவேயில்லை. எடுத்துவிட்டேன்.)

ஒருநாள் நோய் அறையில் மின்விசிறி நின்றுவிட்டது. போய்ச் சரிசெய்தார். சட்டைப்பையில் அவள் கண்ணாடி. கண் தெரியாமல் திண்டாடுவாளே என்று, வேலை முடிந்த கையோடு நேரே அவள் அறைக்கு ஓடினார். கதவில் இருந்த கொட்டை எழுத்து அவர் கண்ணில் படவில்லை. அவளும் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு சிரித்தாள்.

சில வாரங்களில் அவள் தொட்டிகளில் மஞ்சள் கோடு. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, ரூமை வேற வேலைக்குக் குடுத்துடுவோம்மா" என்றார் மேலாளர். ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எரித்தாள். இமை முடிக் குச்சியும் அதோடு போனது. விசிறி ரிப்பேரான நாளை யாரோ பேச்சுவாக்கில் சொன்னபோதுதான், அது அவர் சட்டையில் தொற்றி வந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

ஆனால் ஒரு வழி இருந்தது. தாயிடமிருந்து இந்த நோய் முட்டைக்குப் போகாது. முட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துப் புதுப்பயிரில் வைத்தால், எல்லாம் மறுபடி சுத்தமாகத் தொடங்கும். (இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.)

முட்டையைத் தொட இமை முடி வேண்டும். அவளுடையது கட்டை.

4.

"ஏங்க, இப்படி உக்காருங்க. கண்ணை மூடுங்க."

"மறுபடியுமா? ஊர்ல எவனாவது பொண்டாட்டிக்கு இமை முடி தானம் பண்ணுவானா?"

"ஆம்பளைக்கு எதுக்கு இவ்ளோ நீளம்? ஆடாதீங்க."

"ஸ்ஸ்... ஏய், வலிக்குது! கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

"அது சரி, அவ்ளோ பத்திரமா வெச்சிருந்த ரூமுக்குள்ள நோய் எப்படிம்மா வந்துச்சு?"

5.

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள். அறை பிழைக்கிறது. அதன்பின் அவர் தாழ்வாரத்துப் பக்கமே வருவதில்லை. கண்ணாடியை யாரிடமாவது கொடுத்தனுப்புகிறார். (எழுதிவிட்டுக் கிழித்தேன்.)

முடிவு இரண்டு: "காத்துல வந்திருக்கும்" என்கிறாள். அவர் நம்பிவிடுகிறார். இன்னொரு விசிறி நிற்கும், இன்னொரு நாள் கண்ணாடி மறக்கும்... (இதைப் பாதியில் விட்டேன்.)

முடிவு மூன்று: இனி அவள் கண்ணாடியை மறக்கவே மாட்டாள். (அவளை எனக்குத் தெரியும். நடக்காது.)

ஆகவே அவர் இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறார். ஓர் இமையோரம் சிவந்து நீர் கோத்திருக்கிறது. அவள் திறக்கச் சொல்லாததால் கண்ணை மூடியே வைத்திருக்கிறார். அவள் விரல் நுனியில் அந்த முடி. எனக்கு இவர்கள் இருவரும் வேண்டும், அந்த அறையும் வேண்டும். அதனால் பேனாவை வைத்துவிட்டேன்.

அவள் சார்பில் நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், மூச்சுப் பட்டால் முடி பறந்துவிடும்.