நாலாவது தடவை

சவப்பெட்டியில் கிடந்த ஆர்னால்டின் விரல்களுக்கிடையே ஜெபமாலை நிற்கவில்லை. மிரண்டா மூன்றாம் முறையாக அதைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கணவனின் மேலாளர் சரத்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆர்னால்டோட நோட்டு ஒண்ணு இருக்கணும். திங்கக்கிழமை டெலிவரி லா."

மார்சிலிங் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வாடகை மின்விசிறிகள் இரைந்தன. முந்தாநாள் ஆபீஸ் மேசையிலேயே ஆர்னால்டுக்கு மாரடைப்பு. நாற்பத்தொரு வயது. மாமியார் அந்தோனியம்மாள் இன்னும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நோட்டு மிரண்டாவின் கைப்பையில் இருந்தது. ஆர்னால்டின் துறையான கட்டுப்பாட்டுப் பொறியியலை பாலிடெக்னிக்கில் நடத்துகிறவள் அவள். காலையிலேயே படித்துவிட்டாள்.

திங்கட்கிழமை போகவேண்டியது, நடக்க முடியாத நோயாளிகளைக் கட்டிலிலிருந்து தூக்கும் இயந்திரக் கை. அதன் கணினி வினாடிக்கு நூறு முறை நிலையைப் பார்த்துத் திருத்த வேண்டும். மலிவான சிப்பைப் போட்டு அதை நாற்பதாக்கியிருந்தார்கள். ஆர்னால்ட் ஐந்து பக்கங்களுக்கு இசட் உருமாற்றம் என்ற கணக்கைப் போட்டு, சமன்பாட்டின் வேர்களை ஒரு வட்டத்தில் குறித்திருந்தான். வேர்கள் வட்டத்துக்குள் இருந்தால் கையின் ஆட்டம் அடங்கும். வெளியே போனால் பெருகும். பாரம் கூடக்கூட இரண்டு வேர்கள் நகர்ந்து வெளியே போயிருந்தன. அடியில் ஒரு வரி: 'சரத்திடம் நாலாவது தடவையும் சொன்னேன்.'

"தொண்ணூறு கிலோவுக்கு மேல ஆளு ஏறினா கை ஆட ஆரம்பிக்கும், சரத். நிக்காது."

"டெஸ்ட்ல ஆடலையே அக்கா."

"எத்தனை கிலோ வெச்சீங்க?"

"அறுபது."

சரத் சவப்பெட்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "இது வெளிய போனா கம்பெனியே மூடணும். முப்பது பேரு இருக்கோம். ஆர்னால்ட் இருந்திருந்தா..."

"இருந்தப்ப நாலு தடவை சொன்னாரு."

மிரண்டா நோட்டை நாற்காலிமேல் விரித்து, ஐந்து பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்தாள். முதல் பக்கத்தில் ஆர்டர் கொடுத்த மருத்துவமனையின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. சரத்தின் எதிரிலேயே அதற்கு அனுப்பினாள்.

"பாதர் வந்துட்டாரு," என்றார்கள். மூடியை வைத்ததும் அந்தோனியம்மாள் பெருங்குரலெடுத்தார்.

பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர்தான் நின்றார்கள். ஈமச்சடங்கு ஊழியர் ஒருவர், விஷயம் தெரியாமல், சரத்தின் முழங்கையைத் தொட்டு அழைத்தார். சரத் மிரண்டாவைப் பார்த்தான்.

அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.