இருபத்திரண்டு படிகள்

வானிலையக்காவுக்குக் கோபம் காலையிலேயே வந்துவிட்டது. வேலைக்கு வந்து பையைக்கூட வைக்கவில்லை, மேசைமேல் ஒரு கடிதம் அவளைப் பார்த்துப் பல்லிளித்தது. 'பார்வை குறைந்துவிட்டதால் வானிலைப் பணியிலிருந்து நானே விலகிக்கொள்கிறேன்' என்று அவள் பெயரில் யாரோ அழகாகத் தட்டச்சு செய்து, கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, மேலாளர்தான்.

போன மாதம் அவள் கண்ணாடி போட்டதுதான் சாக்கு. தையல்காரரான அவள் புருஷன், "ரெண்டு கண்ண வச்சே என் தையல்ல ஆயிரம் குறை சொல்லுவ, இனி நாலு கண்ணா? நான் கடைய மூடிடறேன்" என்று கேலி செய்ததோடு விட்டார். மேலாளர் கேலி செய்யவில்லை, கடிதம் அடித்தார். மேகம் இறங்கியிருக்கிறது என்று அவள் ஒரே மாதத்தில் இரண்டு முறை விமான நிலைய முதலாளியின் சொந்த விமானத்தைத் திருப்பி அனுப்பியிருந்தாள். அதற்காக முதலாளியிடம் வாங்கிய ஏச்சை இறக்கிவைக்க மேலாளருக்கு ஒரு தலை வேண்டியிருந்தது.

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன விமான நிலையத்துக்குத் தினமும் ஒரே ஒரு பயணிகள் விமானம். மற்றதெல்லாம் மலைமேல் பங்களா வைத்திருப்பவர்களின் சொந்த விமானங்கள்தான். மேகத்தின் உயரத்தை அளக்கும் கருவி கெட்டுப்போய் எட்டு மாதம் ஆகிறது. அதைச் சரிசெய்ய வழியில்லையாம். ஆனால் பணக்காரர்கள் வந்து உட்கார, கீழே கண்ணாடிச் சுவர் வைத்து, தோல் சோபா போட்டு, குளிரூட்டி ஓடும் அறை கட்ட மட்டும் வழி இருந்தது. 

அதனால் அவள்தான் கருவி. இருபத்திரண்டு படி ஏறி, ரேடியோவும் பதிவேடும் இருக்கும் மொட்டை மாடி அறைக்குப் போவாள். எதிரே பெரிய மலையின் உச்சியில் ஒரு செல்போன் கோபுரம் உண்டு. அதன் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரிந்தால் மேகம் போதிய உயரத்தில் இருக்கிறது, விமானம் இறங்கலாம். தெரியாவிட்டால் கூடாது. எட்டு மாதமாக அவள் ரேடியோவில் சொன்னதெல்லாம் 'கோபுரம் தெரியுது', 'கோபுரம் தெரியல' என்ற இரண்டே பேச்சுதான். அதை நம்பித்தான் விமானிகள் மலைக்குப் பக்கத்தில் இறங்கினார்கள்.

மூன்று வாரத்துக்கு முன், பெரிய மலைக்கு முன்னால் இருக்கும் குட்டைக் குன்றிலும் ஒரு கோபுரம் முளைத்தது. அன்றே அவள் பதிவேட்டில் எழுதினாள்: 'குட்டைக் குன்றில் புதுக் கோபுரம். பெரிய மலைக் கோபுரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.' மேலாளர் வழக்கம்போல எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவருடைய சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அதனால் அவருக்கு 'இஸ்திரி' என்றே பெயர். படியேறினால் மடிப்புக் கலைந்துவிடும் என்றோ என்னவோ, அவர் ஒருநாளும் மாடிக்கு வந்ததில்லை.

பதினொன்றே முக்காலுக்கு ரேடியோ கரகரத்தது. முதலாளியின் விமானி.

"அக்கா, பத்து நிமிஷத்துல வந்துடுவோம். கோபுரம் தெரியுதா?"

பெரிய மலை இருந்த இடத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

"தெரியல தம்பி. திரும்பிப் போயிடுங்க."

"இவர் ரொம்ப அவசரப்படுறார்க்கா. இன்னொரு தடவ பாருங்களேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு குரல் குறுக்கே விழுந்தது. கீழே கண்ணாடி அறையில் இருந்துகொண்டு, கையடக்க ரேடியோவில் மேலாளர்.

"கோபுரம் நல்லா தெரியுது! என் கண்ணால பாத்துட்டுச் சொல்றேன். அந்தம்மாவுக்குப் பார்வை சரியில்ல. நீங்க தாராளமா வாங்க."

"சரி சார், இறங்குறேன்" என்றான் விமானி.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போட்டுப் பார்த்தாள், போடாமலும் பார்த்தாள். ஒரு நொடி தன் கண்ணையே சந்தேகப்பட்டாள். அந்த ஒரு நொடியை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்குவதில்லை.

பிறகு பார்வையைக் கீழே இறக்கினாள். குட்டைக் குன்றின் மேல் புதுக் கோபுரம் பளிச்சென்று நின்றது. கண்ணாடி அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் குட்டைக் குன்று மட்டும்தான் தெரியும், பெரிய மலையை அறையின் தாழ்ந்த கூரை மறைத்துவிடும்.  ரேடியோவைப் பிடுங்காத குறையாக எடுத்துக் கத்தினாள்.

"தம்பி, ஏறுங்க! அவர் பாக்குறது குட்டைக் குன்றுக் கோபுரம்! பெரிய மலை முழுக்க மேகத்துல இருக்கு! ஏறுங்க, இப்பவே ஏறுங்க!"

மேகத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஜன்னல் சட்டங்கள் அதிர்ந்தன. சத்தம் மலைப்பக்கமாகப் போய், உறுமி, மெல்ல மெல்ல மேலே போனது. 

"ஏறிட்டேன்" என்றான் விமானி. 

அவள் கீழே இறங்கிப் போனபோது மேலாளர் குதித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டிருந்தது யாருன்னு தெரியுமாம்மா உனக்கு? என் மானத்தையே வாங்கிட்டியே! மரியாதையா கையெழுத்தப் போட்டுட்டு வீட்டப் பாத்துப் போ!"

"மேல வந்து ஒரு தடவ பாருங்க சார். அப்புறம் போடறேன்."

"உங்கிட்ட நான் பாடம் படிக்கணுமா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மாடிக்கே திரும்பினாள். பதிவேட்டில் நேரத்தைப் போட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். 

நாலரை மணிக்கு முதலாளி காரில் வந்து இறங்கினார். சமவெளியில் இருந்த பெரிய விமான நிலையத்தில் இறங்கி, வளைந்து வளைந்து மலைப்பாதையில் வந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. சாட்சி சொல்ல விமானியையும் இழுத்து வந்திருந்தார். அவர் பெட்டிகளையும் அவன்தான் சுமந்தான். அதற்குள் மேகம் கலைந்து வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது.

"எங்கய்யா மேகம்? யாரு என்னத் திருப்பி அனுப்பினது?"

"இந்தம்மாதான் சார்" என்று மேலாளர், சத்தம் கேட்டுக் கீழே வந்த அவளைக் கைகாட்டினார். "கண்ணு தெரியாது. கடிதம்கூட ரெடி."

அவள் முதலாளியை நேராகப் பார்த்தாள். "மேலாளர் பாத்த கோபுரத்தக் காட்டச் சொல்லுங்க சார்."

மேலாளர் கண்ணாடிச் சுவர் வழியாகப் பெருமையாக விரலை நீட்டினார். "இதோ சார். குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"சரி. இப்ப என்கூட மேல வாங்க."

முதலாளி கோப வேகத்திலேயே படியேறினார். பின்னால் பெட்டிகளோடு விமானி. மாடியில் அவள் கையை நீட்டினாள். கீழே குட்டைக் குன்றில் ஒரு கோபுரம். அதற்குப் பின்னால், தலையை அண்ணாந்து பார்க்கவேண்டிய உயரத்தில், பெரிய மலைமேல் இன்னொன்று.

விமானி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அந்த உச்சி தெரியுதுன்னு நம்பித்தான் சார் மேகத்துக்குள்ள இறங்கினேன். அது நேரா என் முன்னால இருந்திருக்கு." அவன் முதலாளியை நிமிர்ந்து பார்த்தான். "பின் சீட்டுல உங்க பேத்தி தூங்கிட்டிருந்தா."

முதலாளியின் முகத்தில் இருந்த எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த மலையைப் பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கீழே குனிந்து கத்தினார்.

"யோவ்! மேல வாய்யா!"

இஸ்திரி முதல்முறையாக இருபத்திரண்டு படியும் ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கோபுரத்தையும் பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நின்றார். அவள் பதிவேட்டைத் திருப்பி, மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்தையும் அதன் அடியில் இருந்த அவர் கையெழுத்தையும் முதலாளிக்குக் காட்டினாள். பிறகு மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து மேலாளரின் கையில் திணித்தாள்.

"'பார்வை குறைந்துவிட்டதால்'னு நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. பேர மட்டும் மாத்திக்குங்க சார்."

அப்போது பயணிகள் விமானம் வானிலை கேட்டு ரேடியோவில் கூப்பிட்டது. அவள் மூவரையும் விலக்கிக்கொண்டு போய் மலையை ஒருமுறை பார்த்தாள்.

"கோபுரம் தெரியுது, வாங்க" என்றாள்.