அமெரிக்காவில் பால் குடித்த மாடன்

கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊரில் கோயில் கொடைத் திருவிழா. சிகாகோவிலிருந்து லீவுக்கு வந்திருந்த சுடலைக்கண்ணு, மகள் நீலாவோடு சுடலைமாடன் பீடத்துக்கு முன்னால் நின்றார். அவருடைய அக்கா மாடத்தி வாழையிலையில் கறியும் அவித்த முட்டையும் சுருட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இதெல்லாம் யாருக்கு?"

"நம்ம மாடனுக்குத்தான்."

"அவர் பால்தானே குடிப்பார்? கறியைத் தொடவே மாட்டார்னு அப்பா சொன்னாங்க."

மாடத்தி தம்பியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "ஏலே, அது எந்த ஊரு மாடன்?"

"அங்க நான் கதை சொன்னா வெள்ளக்காரப் பிள்ளைகளும் கேக்க வருதுக்கா. அதுககிட்டப் போயி சுருட்டு, சாராயம்னு எப்படிச் சொல்ல?"

"அதுக்காக நம்ம சாமிக்கு வேஷம் கட்டி விட்டியாக்கும்!"

நீலாவின் முகம் வாடியது. "அப்பா, நான் கிளாஸில் எல்லார் முன்னாடியும் நின்னு சொன்னேனே. அது பொய்யா?"

சுடலைக்கண்ணுவால் மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மேளக்காரர்கள் பக்கமாக நழுவப் பார்த்தார்.

"எங்கலே போற? பிள்ளைக்கு மாடனோட நெசமான கதையச் சொல்லப் போறேன். நீயும் உக்காந்து கேளு. அங்கன போயி நீதான திருத்திச் சொல்லணும்."

அவர் மகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீலா அத்தையை ஒட்டி நகர்ந்துகொண்டாள்.