வாழ்க்கையை மாற்றிய நிகழ்வு

மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த கூழ் வத்தலை நான்தான் மிதித்தேன். ஓரமாகக்கூட அல்ல; வத்தல் பிழிந்து வைத்திருந்த வேட்டியின் குறுக்கே, மகசூல் பார்க்கப் போகும் மிராசுதார் மாதிரி நிதானமாக நடந்திருக்கிறேன். எங்கள் பாகூர் வீட்டில் அமெரிக்காவுக்குப் பேசும் அளவுக்கு சிக்னல் கிடைக்கிற இடம் ஏரியைப் பார்த்த அந்த மூலைதான். காதில் அந்த ஊர் அரசாங்கத்தின் காத்திருப்பு இசை. கண்ணை மூடி ரசித்தது என் தப்பு.

"பாழாப் போறதுக்கு இது ஒண்ணுதான் பாக்கி இருந்திச்சி," என்றாள் என் மனைவி செல்வகுமாரி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, உடையாததைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

முதலில் பாழானது எங்கள் பென்ஷன். நியூ ஜெர்சியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு அங்கே மெடிகேர் என்று அரசாங்க மருத்துவக் காப்பீடு உண்டு. பிரீமியத்தைப் பென்ஷனிலேயே பிடித்துக்கொள்வார்கள். வருமானம் கூடினால் பிரீமியமும் கூடும். அதுவும் இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தைப் பார்த்து. அந்த வருடம்தான் மூலக்குளத்தில் அப்பா விட்டுப்போன மனையை விற்று இந்த வீட்டைக் கட்டினோம். "பத்திரத்துல பாதி, கையில பாதி வாங்கிக்க மாமா, ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான்," என்று மச்சான் அரங்கநாதன் தலைபாடாக அடித்துக்கொண்டான். நானோ அரிச்சந்திரனுக்கு அத்தை மகன். முழுத் தொகையையும் பத்திரத்தில் ஏற்றி, அமெரிக்காவுக்கும் கணக்குக் காட்டினேன். ஆகா, பெரிய பணக்காரன் என்று எங்கள் இருவர் பிரீமியத்தையும் இந்த வருடம் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டார்கள்.

இத்தனைக்கும் அந்த மெடிகேர் பாகூரில் ஒரு தலைவலி மாத்திரைக்குக்கூட உதவாது. அங்கே போனால்தான் செல்லும். பிறகு ஏன் கட்டுகிறோம்? செல்வகுமாரியின் இதய வால்வை மாற்றியது அங்கேதான். இப்போது விட்டுவிட்டுப் பிறகு சேர்ந்தால் ஆயுசுக்கும் அபராதம். திரும்பிப் போவோமா, இங்கேயே இருப்போமா என்று வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். "பாக்கலாம்" என்பாள். சம்பந்தம் பேச வந்தவர்களிடம் பெண்வீட்டார் சொல்கிற 'பாக்கலாம்' அது. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மாதாமாதம் பிரீமியம் கட்டிக்கொண்டிருந்தோம்.

இசை நின்று ஒரு பெண் குரல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். இன்று விடுவதில்லை என்ற முடிவோடுதான் மாடி ஏறியிருந்தேன்.

வாழ்க்கையை மாற்றிய நிகழ்வு ஏதாவது நடந்து, அதனால் வருமானம் குறைந்திருந்தால் பிரீமியத்தைக் குறைக்கலாம் என்றாள். நடந்ததே, அப்பாவின் மனையை விற்றேனே என்றேன். அது பட்டியலில் இல்லையாம். கல்யாணம், விவாகரத்து, வேலை நின்றுபோவது, துணை இறந்துபோவது, இப்படிப்பட்டவைதான் செல்லுமாம்.

"டைவர்ஸ் வாங்கிக்கலாம்ங்க. இந்த வத்தல காட்டுனா ஜட்ஜு ஒடனே குடுத்துருவாரு," என்றாள் செல்வகுமாரி. "இல்லாட்டி நான் செத்தாலும் கொறைப்பாங்களாம்."

எனக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வருமானம் பழையபடி இறங்கியிருந்தால் அடுத்த வருடம் பிரீமியமும் இறங்கிவிடும் என்று அந்தப் பெண் சமாதானம் சொன்னாள்.

"கேட்டியா குமாரி? ஒரு வருசம் பல்லக் கடிச்சிக்கினா போதும். வுடக்கூடாது. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா..."

"ஒண்ணுன்னா? பிளேன்ல தூக்கினு போவீங்களா?"

"போவேன்."

புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் வரல. ஏத்தனாலும் வரல, எறக்கனாலும் வரல. பனியில கதவ சாத்திக்கினு ஜன்னல பாத்துனு இருந்தது போதும். பாண்டியில டாக்டருங்க இல்லியா? உங்களுக்கு வோணும்னா உங்களுத கட்டுங்க."

"அப்ப இத்தினி நாளா பாக்கலாம் பாக்கலாம்னியே?"

"நீங்க பயந்துனு இருந்தீங்க. அதான்."

அவள் என் கையிலிருந்து போனை வாங்கி, தன்னுடையதை நிறுத்த என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தப் பெண் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். செல்வகுமாரி கைப்பிடிச் சுவர் பக்கம் திரும்பி நின்றாள்.

"எஸ். எஸ் ஃபார் சாம்பார்," என்றாள். அடுத்த எழுத்துக்கு ஒரு கணம் யோசித்து, எதிரே வெயில் சாய்ந்து கிடந்த தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்: "ஈ ஃபார் ஏரி."